வாசற்படி தாண்டாத சூரியன்

வெயிலக்காவின் வீட்டில் சூரியன் என்பது கெட்ட வார்த்தை. அவளுடைய மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தோழிகளிடம் இப்படிச் சொல்லித்தான் சிரிக்க வைப்பாள். அம்மாவும் அப்பாவும் சம்பளம் வாங்குவதே சூரியனைப் பார்ப்பதற்காக. ஆனால் வீட்டுக்குள் அதன் பேரை எடுத்தால் இரண்டு பேரும் திருதிருவென்று முழிப்பார்கள். தொலைக்காட்சியில் சூரியனின் படம் வந்தால் யாராவது ஒருவர் பாய்ந்துபோய்ச் சானலை மாற்றுவார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் "என்ன வெயில், என்ன வெயில்" என்று விசிறிக்கொண்டால்கூட ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் ஆமாம் என்பார்கள்.

கேட்பதற்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். வெயிலக்காவே அதைச் சொல்லிச் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பதில்லை.

வெயிலக்கா என்ற பெயர் அலுவலகத்தில் வைத்தது. ஆனால் அவளுக்கும் சூரியனுக்கும் ஒட்டுறவு அதற்கு ரொம்ப முந்தியே தொடங்கிவிட்டது. அவளுடைய அப்பாவுக்கு வெல்டிங் பட்டறை. ஒரு மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், சும்மா இருக்க மாட்டாமல், அவருடைய முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் சூரியன் பச்சையாக, சின்னதாக, யாரோ ஒட்டி வைத்த பொட்டு மாதிரி இருந்தது. அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தாள். போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படியானால் அழுக்கு கண்ணாடியில் இல்லை.

அப்பாவிடம் ஓடிப்போய், "அப்பா, சூரியன்ல ஓட்டை விழுந்திருக்கு" என்றாள்.

அவர் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு, "என்கிட்ட அவ்வளவு நீளமா ஏணி இல்லையே" என்றார்.

பிறகு படிப்பு, உதவித்தொகை, இன்னும் படிப்பு. சூரியனைப் படித்து என்ன பண்ணப் போகிறாய் என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. அம்மா மட்டும், வெயிலில் நிற்கிற வேலையா, நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலையா என்று கேட்டாள். நிழலில் என்றதும் நிம்மதியாகிவிட்டாள்.

உண்மையில் நிழலில்தான். வானாய்வகத்தின் சின்னக் கூண்டுக்குள், தொலைநோக்கியிலிருந்து வெள்ளைத் தாளில் விழும் சூரியனின் உருவத்தைப் பென்சிலால் வரைவது அவளுடைய முதல் வேலை. கேமராக்கள் ஆயிரம் வந்துவிட்டன. ஆனாலும் கையால் வரைவதை ஆய்வகம் விடவில்லை. அவளும் விடவில்லை. புள்ளிகள் எங்கே பிறக்கின்றன, எப்படிக் குடும்பம் நடத்துகின்றன, எது சாது, எது வம்புக்காரன் என்று அவளுக்கு அத்துப்படி. அந்தக் கூண்டில்தான் அவள் அவரைப் பார்த்தாள்.

அவரை நூல்காரர் என்பார்கள். சூரியனின் முகத்தில் கறுப்பு நூல் மாதிரி நீளமாக ஒன்று சில சமயம் தெரியும். இழை என்று பெயர். சுற்றியுள்ளதைவிடக் குளிர்ந்த வாயு, காந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பது. நாள்கணக்கில் பேசாமல் கிடக்கும். திடீரென்று ஒரு நாள் கயிறு அறுந்து வெளியே பாயும். சத்தமில்லாமல் போவதால் பல நேரம் எந்த அலாரமும் அடிக்காது. அவர் பட்டம் வாங்கியதே இந்த இழைகளை வைத்து. "உன்னோட புள்ளிங்க எல்லாம் ஊரைக் கூட்டிட்டுச் சண்டை போடும். என்னோட நூலு சொல்லாம கொள்ளாம கிளம்பிடும். அதான் ஆபத்து" என்பார். காதலித்த காலத்தில் அவர்கள் பேசியதெல்லாம் இதுதான். கல்யாணமான புதிதிலும் அப்படித்தான். குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அவர் இழையைப் பற்றிச் சொல்வார். உள்ளேயிருந்து அவள் மறுத்துப் பேசுவாள்.

அதன்பிறகு இருவரும் விண்வெளி வானிலை எச்சரிக்கை மையத்துக்கு மாற்றலானார்கள். சூரியன் சில நேரம் கோடிக்கணக்கான டன் மின்னூட்டத் துகள்களை மேகமாக வாரி இறைக்கும். அது பூமியின் பக்கம் வந்தால் ஓரிரு நாளில் இங்கே சேரும். மின்கம்பிகளில் வேண்டாத மின்சாரத்தைப் பாய்ச்சும், செயற்கைக்கோள்களைக் குழப்பும், விமானங்களின் வானொலியை அடைக்கும். முன்கூட்டியே சொன்னால் மின்நிலையக்காரர்கள் சுமையைக் குறைத்துக்கொள்வார்கள். அதைச் சொல்வதுதான் மையத்தின் வேலை.

அங்கே ஒரு விதி உண்டு. ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் தனித்தனியாகப் படங்களைப் பார்க்க வேண்டும், தனித்தனி அறையில் உட்கார்ந்து முடிவை எழுதி அனுப்ப வேண்டும். இரண்டும் வந்து சேர்ந்த பிறகுதான் பணி அதிகாரியின் திரையில் திறக்கும். ஒத்துப்போனால் அதுவே அறிவிப்பு. ஒத்துப்போகாவிட்டால் இயக்குநர் முன்னால் உட்கார்ந்து வாதம். ஒரு கண் தவறவிட்டதை இன்னொரு கண் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட்டுப் போனபோது, மிச்சமிருந்த வெயிலக்காவுக்கு ஜோடியாக அந்தத் தகுதியோடு இருந்தவர் நூல்காரர் ஒருவர்தான்.

இயக்குநர் தலையைச் சொறிந்தார். "ஒரே வீட்டுல இருக்கீங்க. ஒரே பாத்திரத்துல சாப்பிடுறீங்க. தனித்தனியா பார்த்தீங்கன்னு நான் எப்படிம்மா நம்புறது?"

"வீட்டு வாசப்படிக்குள்ள சூரியன் வராதுங்க சார். அது என் பொறுப்பு" என்றாள் வெயிலக்கா. பக்கத்தில் நின்ற நூல்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அன்றோடு பேச்சு நின்றது.

நின்றது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அனுபவித்தவளுக்குத்தான் தெரியும். விடிந்ததும் குடியிருப்பின் மொட்டைமாடிக் கூண்டில் புள்ளிகளை வரைவாள். அங்கேயே மடிக்கணினியில் விண்கலப் படங்களைப் பார்ப்பாள். சில நாள் சூரியனின் ஓரத்தில் தீ வளைந்து எழும்பி நிற்பதைப் பார்த்தால் தொண்டை வரைக்கும் வார்த்தை வந்துவிடும். கீழே இறங்கி வந்தால் உலகத்திலேயே அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே மனிதர் எதிரில் உட்கார்ந்து ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருப்பார். அவள் தக்காளி விலையைப் பற்றிப் பேசுவாள். சில நேரம் தாங்க மாட்டாமல் மகளைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, காதோடு காதாகச் சொல்லிவிட்டு வருவாள். அந்தப் பிள்ளைக்கு அதில் ஒரு எழவும் புரியாது. ஆனாலும் அம்மாவுக்காகக் கண்ணை அகலமாக்கிக்கொள்ளும்.

அவர் படங்களைப் பார்ப்பது கீழே தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த நேரத்தில் வெயிலக்கா அடிமேல் அடி வைத்துத்தான் நடப்பாள். தேநீரைக் கதவுக்கு வெளியே முக்காலியில் வைத்துவிட்டு, ஒரு விரலால் மெதுவாகத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். ஒரு பெண்சாதி புருஷனுக்குச் செய்யும் மரியாதை இல்லை அது; ஒரு விஞ்ஞானி இன்னொரு விஞ்ஞானிக்குச் செய்தது.

ஜோடி சேர்ந்த ஆரம்பத்தில் ஒருமுறை இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பெரிய புயல் வருகிறது என்று அவர் எழுதினார். வராது என்று அவள் எழுதினாள். இயக்குநர் முன்னால் வாதம் நடந்தது. அவர் பேச்சு எடுபட்டது. எச்சரிக்கை போனது, விமானங்கள் வழி மாறின, தொழிற்சாலைகள் ஓட்டத்தைக் குறைத்தன. புயல் வரவே இல்லை. பத்திரிகைகள் பூச்சாண்டி விஞ்ஞானி என்று கேலிப்படம் போட்டன. கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட, "சார், இன்னிக்குக் குடை எடுத்துட்டுப் போகணுமா?" என்று கேட்டார். நூல்காரர் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாதே, விதி இருக்கிறதே. நடந்ததெல்லாம் அவர் மனதில் தங்கவில்லை என்றுதான் வெயிலக்கா நினைத்தாள்.

அதன்பிறகு இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். அவ்வப்போது அவர் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதியிருப்பார். அது அறிவிப்பை மாற்றுகிற அளவுக்கு இருக்காது. மையத்தின் பெயர் வளர்ந்தது. மற்ற நாட்டு மையங்கள்கூட இந்த ஜோடி என்ன சொல்கிறது என்று கேட்கத் தொடங்கின. வெயிலக்காவுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையில் பாதி அங்கேயிருந்து வந்தது. நான் சொன்னதையே, தனியாக உட்கார்ந்து, அவரும் சொல்லியிருக்கிறார் என்றால் அது சரியாகத்தான் இருக்கும். இப்படி நினைத்து நினைத்து அவள் நிம்மதியாகத் தூங்கினாள், தலை நரைத்தாள், மகளைக் கட்டிக் கொடுத்தாள்.

அந்த நாள் காலையில் மகளிடமிருந்து போன் வந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஏங்கிய பிறகு அவள் முழுகாமல் இருக்கிறாள். "அம்மா, அப்பாகிட்ட நீ சொல்லாத. சாயங்காலம் நானே நேர்ல வந்து சொல்றேன். அப்பா முகத்தைப் பாக்கணும் எனக்கு" என்றாள். வெயிலக்கா சரி சரி என்று சொல்லி அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு படங்களைப் பார்த்தாள்.

படத்தில் ஒரு வளையம் இருந்தது. விண்கலத்தில் ஒரு கேமரா உண்டு. சூரியனின் முகத்தைத் தட்டால் மறைத்துவிட்டுச் சுற்றிலும் என்ன பறக்கிறது என்று பார்க்கும். ஒரு மேகம் நேராக நம்மை நோக்கி வந்தாலும் அதில் வளையமாகத்தான் தெரியும்; நேரெதிராக, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனாலும் வளையமாகத்தான் தெரியும். எது என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பக்கவாட்டிலிருந்து பார்க்கிற விண்கலம் பழுதாகிக் கிடந்தது. சூரியனின் நம்மைப் பார்த்த முன்பக்கத்தில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவளுடைய புள்ளிகள் எல்லாம் சமர்த்தாக இருந்தன. அலாரம் எதுவும் அடித்திருக்கவில்லை. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஒரு பெரிய வம்புக்காரப் புள்ளிக் கூட்டம் சுழன்று பின்பக்கம் போயிருந்தது. அதன் வேலையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

தோன்றியது, அவ்வளவுதான். உறுதியில்லை. முன்பக்கத்தில் ஒரு இழை ஓசைப்படாமல் கிளம்பியிருந்தால்? அது அவள் கண்ணுக்கு எளிதில் படாத சமாச்சாரம். முந்திய நாள் எங்கே என்ன தொங்கியது என்று அவளுக்கு நினைவில் நிற்காது. ஆனால் அதற்கென்றே கீழே ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே. இழை போயிருந்தால் அவர் பிடிப்பார், எழுதுவார், இரண்டும் முட்டிக்கொள்ளும், வாதம் நடக்கும். அப்படித்தானே ஏற்பாடு. பின்பக்கம், ஆபத்தில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு கீழே இறங்கினாள். தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். வாய் தன்னை அறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. ஜாம் தடவிக்கொண்டிருந்த நூல்காரர் நிமிர்ந்து ஒரு முறை அவளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அலுவலகத்தில் இருவரும் தனித்தனி அறையில் எழுதி அனுப்பியதும், பணி அதிகாரி இரண்டு முடிவுகளையும் திறந்து, "ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. பின்பக்கம்" என்றான். அவள் நிம்மதியாக, சாயங்காலம் வரும் மகளுக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கத் தொடங்கினாள்.

மறுநாளுக்கு மறுநாள் புயல் அடித்தது. பூமிக்கு முன்னால் காவல் நிற்கும் விண்கலம் கத்தியபோது கையில் இருந்த அவகாசம் ஒரு தேநீர் குடிக்கிற நேரம்தான். போன் செய்தார்கள், ஓடினார்கள். அதற்குள் துணைமின் நிலையத்தில் ஒரு மின்மாற்றி கொதித்து வெடித்தது. பாதி நகரம் இருண்டது. அங்கே வேலையில் இருந்த ஒருவருக்கு இரண்டு கையும் வெந்துபோயின.

வெயிலக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. கட்டுப்போட்ட கைகளைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அவர் படுத்திருந்தார். இவள் யார் என்று சொன்னதும் அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை. "வழக்கமா சொல்லுவீங்களேம்மா. சொன்னா லோடைக் குறைச்சிடுவோம். இந்தத் தடவை ஏன் சொல்லலை?" என்று மட்டும் கேட்டார்.

விசாரணைக் குழு போட்டார்கள். அதற்கு முதல் நாள் சாயங்காலம், வெயிலக்கா விதியை மீறினாள். சாப்பாட்டு மேசையின்மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். இரண்டு படங்கள். ஒன்றில் சூரியனின் நட்டநடுவே நீளமாக ஒரு கறுப்பு இழை. அடுத்த நாள் படத்தில் அது இல்லை. துடைத்து எடுத்த மாதிரி இல்லை.

"என் கண்ணுக்குப் படலை. அது என் தப்பு, நாளைக்கு ஒத்துக்கப் போறேன்" என்றாள். "ஆனா உங்க கண்ணுக்கு எப்படிங்க தப்பிச்சுது? நடு முகத்துல இருந்த நூலுங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்களே. எனக்கு அதான் மனசு ஆற மாட்டேங்குது. உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையா? கண்ணுல ஏதாவது?"

அவள் உண்மையாகவே பயந்திருந்தாள். கண் டாக்டரிடம் நேரம்கூட வாங்கி வைத்திருந்தாள். நூல்காரர் படத்தைப் பார்க்காமல் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் பார்க்கலை" என்றார்.

"அதைத்தாங்க கேக்குறேன், ஏன் படலைன்னு."

"படலைன்னு சொல்லலை. பார்க்கலைன்னு சொல்றேன். படத்தையே நான் தொறக்கலை."

"அன்னிக்கா?"

அவர் மடித்த ஓரத்தைப் பிரித்து மறுபடி மடித்தார். வெயிலக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"அந்தப் பூச்சாண்டி கூத்துக்கு அப்புறம்" என்றார். பிறகு அடைத்திருந்தது திறந்துகொண்ட மாதிரி அவராகவே பேசினார். "எழுத உட்கார்ந்தா அந்தக் கேலிப்படம்தான் கண்ணு முன்னாடி வரும். நீ எழுதுறது எப்பவும் சரியா இருந்துது. நான் எதுக்கு நடுவுல? உன்னைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். டார்ச்சை எடுத்துச் சார்ஜ் போட்டீன்னா புயல். வாளியில தண்ணி பிடிச்சு வச்சீன்னா பெரிய புயல். செடிக்குத் தண்ணி ஊத்திட்டுப் பாட்டு முணுமுணுத்தா ஒண்ணுமில்லை. ஒரு தடவைகூடத் தப்பினது கிடையாது. அன்னிக்கு நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. நான் என்னத்தைக் கண்டேன், நம்ம பொண்ணு விஷயம்னு?"

"நடுநடுவுல கொஞ்சம் வித்தியாசமா எழுதுவீங்களே."

"எப்பவும் ஒண்ணு போலவே இருந்தா சந்தேகம் வருமில்லையா."

இதைச் சொன்னபோது அவர் குரலில் லேசாக ஒரு கெட்டிக்காரத்தனம் எட்டிப் பார்த்தது. அவருக்கே தெரியாமல் வந்ததாக இருக்கலாம். வெயிலக்கா அதைக் கேட்டுவிட்டாள். அதை மட்டும் அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னதான் பண்ணுவீங்க?"

"செஸ் ஆடுவேன். கம்ப்யூட்டரோட."

வருஷக்கணக்கில் அந்தக் கதவுக்கு வெளியே தான் பூனை மாதிரி நடந்ததை நினைத்தாள். முக்காலியில் வைத்த தேநீர்களை நினைத்தாள். தொண்டையில் வந்து திரும்பிப் போன வார்த்தைகளை எல்லாம் நினைத்தாள். ஓரத்தில் வளைந்து நின்ற தீயை, பிறந்த அன்றே வெடித்த புள்ளியை, ஒன்றையொன்று விழுங்கிய இரட்டைக் கூட்டத்தை, எதையும் அவரிடம் சொல்லாமல் விழுங்கினாளே. எதற்கு? அவரும் பார்க்கிறார், அவர் கண்ணை நான் கெடுத்துவிடக் கூடாது என்றுதானே. தன்னோடு சேர்ந்து இன்னொரு ஆள் நிற்கிறார் என்று நம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்றது அவளுடைய நிழல். வேறு பெண்ணோடு போயிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அப்போது ஊரார் முன்னால் அழவாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

"உன்னை நம்பினேன். அதுவா தப்பு?" என்றார் அவர்.

"என்னை நம்பச் சொல்லி உங்களுக்குச் சம்பளம் தரலீங்க."

அவர் விரிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு மெதுவாக, "நாளைக்கு அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. ரெண்டு பேரும் கலந்து பேசினீங்களான்னு. இல்லைன்னு சொல்லு. அதுல பொய் எதுவும் இல்லையே. நாம பேசிக்கவே இல்லையே" என்றார்.

அதுதான் கொடுமை. உண்மையிலேயே அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

விசாரணை மேசைக்கு அந்தப் பக்கம் நடுவில் உட்கார்ந்திருந்த தலைவி நிதானமானவள், நல்லவள். வெயிலக்காவைத் தப்பவைக்க வழி கிடைத்தால் தேவலை என்றுதான் அவளுக்கும் இருந்தது. அனுபவமுள்ள இரண்டு பேர், தனித்தனியாகப் பார்த்து, ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்; அப்படியானால் இது அலட்சியம் இல்லை, அறிவியலின் எல்லை. இப்படி எழுதிவிட்டால் யார் தலையும் உருளாது. கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"எழுதறதுக்கு முன்னாடி நீங்களும் உங்க கணவரும் இதைப் பத்திப் பேசிக்கிட்டீங்களா?"

"இல்லைங்க."

"ஒரு தடவைகூட?"

"ஜோடியா வேலை பார்க்க ஆரம்பிச்சதிலிருந்து ஒரு தடவைகூட இல்லைங்க."

தலைவி பேனாவை மூடப் போனாள். அடுத்த நாற்காலியில் நூல்காரர் மூச்சு விட்டது வெயிலக்காவுக்குக் கேட்டது. நல்ல நிம்மதியான மூச்சு. தனக்கு இத்தனை காலம் கிடைத்த நிம்மதியும் இதே மாதிரி ஊரை ஏமாற்றி வாங்கியதுதான் என்று அவளுக்கு உறைத்தது. இந்த அறிக்கை இப்படியே போனால் நாளைக்கு வேறு இரண்டு பேர் வேறு இரண்டு அறையில் உட்கார்வார்கள். பேசாமல் இருந்தால் போதும் என்று விதி சொல்லும். கட்டுப்போட்ட இரண்டு கைகள் அவள் கண்முன் வந்து நின்றன.

"பேசிக்கலைங்க. ஆனா அன்னிக்குச் சூரியனைப் பார்த்தது நான் ஒருத்திதான்" என்றாள். "ரொம்ப வருஷமாவே நான் ஒருத்திதான். அவர் என்னைப் பார்த்துதான் எழுதியிருக்கார்."

அவர்களுக்குப் புரியவைக்க நேரம் பிடித்தது. டார்ச்சையும் வாளியையும் செடியையும் அந்தப் பெரிய மேசையில் அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஓரத்தில் இருந்த ஓர் உறுப்பினர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். நூல்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை வேலையிலிருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்குக் கண்டனம் எழுதிக் கொடுத்து வேலையில் வைத்துக்கொண்டார்கள். ஜோடிக்கு வேறு நகரத்தில் இருக்கும் ஒரு பெண்ணைப் போட்டார்கள். அவள் முகத்தை இவளும் இவள் முகத்தை அவளும் பார்த்தது கிடையாது. அதற்குள் மூன்று தடவை முட்டிக்கொண்டாயிற்று. ஒவ்வொரு வாதமும் வெயிலக்காவுக்குப் பரீட்சை மாதிரி இருக்கிறது. ஆனால் எதிரே நிஜமாகவே ஒரு ஆள் இருக்கிறாள்.

"வீட்டுக்குள்ள நடந்ததை வெளியில கொண்டுபோய்க் கொட்டிட்டியே. இப்படிக் கழுத்தறுப்பேன்னு நான் நினைக்கலை" என்று நூல்காரர் ஒரு தடவை சொன்னார். கழுத்தறுப்பைப் பற்றி அவர் பேசுகிறார். வெயிலக்கா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

பேத்தி பிறந்தாள். வந்தவர்கள் போனவர்கள் கூட்டத்தில் இரண்டு பேரும் பேச வேண்டியதைப் பேசிக்கொண்டார்கள். அந்தக் கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு காலையில், அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, நூல்காரர் அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டு வைத்திருந்தார்.

"உட்காரேன். இனிமேதான் நீ என்கிட்டப் பேசலாமே. எனக்கும் அதுக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லு, இன்னிக்கு எப்படி இருக்கு?" என்றார்.

இந்தக் கேள்விக்காக அவள் எத்தனை காலம் காத்திருந்தாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கோபத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. உட்கார்ந்தாள். கீழ்ப்பாதியில் நீளமாக ஒரு இழை, கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் காட்டினீர்களே அந்த மாதிரி, என்று தொடங்கினாள். நடுவில் வளைகிறது, ஒரு முனை மட்டும் நேற்றிலிருந்து கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று மேசைமேல் கையால் வரைந்து காட்டினாள். வார்த்தை மேல் வார்த்தையாக வந்தது. அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அறுந்தா எந்தப் பக்கம் போகும்னு நினைக்கிறீங்க? நீங்க சொல்லுங்க, இது உங்க சமாச்சாரம்" என்றாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்போடுதான் பார்த்தார்.

"நீ கவலைப்படுற மாதிரி தெரியலையே. அப்ப ஒண்ணும் ஆகாது" என்றார்.

மேசைமேல் வரைந்துகொண்டிருந்த கை நின்றது. வெயிலக்கா மீதித் தேநீரைக் குடித்து முடித்தாள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்தாள். அது முழுச் சார்ஜில்தான் இருந்தது. சூரியனிலும் அன்றைக்குப் பயப்பட எதுவும் இல்லை. அவர் பார்க்கும்படியாக அதைக் கொண்டுவந்து சார்ஜில் போட்டுவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் செருப்பை மாட்டுவதற்குள் நூல்காரர் எழுந்துபோய், வாளிகளை வரிசையாக வைத்துத் தண்ணீர் பிடிக்கத் தொடங்கியிருந்தார்.